ஏழு பேர்ச் நிலமும் இருநூறு ஆண்டு வரலாறும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றையும் ஒருங்கே வைத்து எண்ணுவது நம் வழக்கம். ஆயினும் முன்னைய இரண்டிற்கும் மூன்றாவதற்கும் இடையில் ஒரு வேறுபாடு உண்டு. உணவையும் உடையையும் சந்தையில் வாங்கலாம். கையில் எடுத்துக்கொண்டும் போகலாம். உறையுளுக்கோ நிலம் வேண்டும். நிலம் சிலருடைய உடைமையாகவும் பலருக்கு இல்லாததாகவும் இருக்கும் சமுதாயத்தில், நிலமற்றவன் நான்கு கம்பு நட்டுக் கூரை வேய்வதற்கு முன்னரே இன்னொருவனுடைய இசைவைக் கேட்டு நிற்கவேண்டியவனாகின்றான். எனவே, வீடு கட்டுதற்கு அனுமதி பெறுதல் என்பது அலுவலகக் காரியம் போலத் தோன்றினும், அதன் வேர் ஒரு நாட்டின் நிலவுடைமை வரலாற்றில் ஆழ ஊன்றியிருக்கின்றது.

இன்று நம் நாட்டின் கிராமமொன்றில் ஒருவர் வீடு கட்ட விரும்புகின்றார் என்று கொள்வோம். காணி உறுதி, நில அளவையாளர் வரைந்த படம், கட்டடத்தின் வரைபடம் ஆகியவற்றைக் கொண்டு அவர் பிரதேச சபைக்குப் போகின்றார். மலைச்சரிவுப் பகுதியாயின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் வேண்டும். அலுவலர் வந்து பார்க்கவேண்டும், கட்டணம் கட்டவேண்டும், பலமுறை அலையவும் வேண்டும். இந்த அலைச்சல் குறித்து நம் மக்கள் படும் எரிச்சலில் நியாயமில்லாமல் இல்லை. ஆயினும் அவருக்கு ஒரு வழி திறந்திருக்கின்றது. கேட்பதற்கு ஓர் அலுவலகமும், மறுத்தால் முறையிடுவதற்கு ஓர் இடமும் உண்டு.

அதே பிரதேச சபையின் எல்லைக்குள், அதே மலையின் மறுபக்கத்தில், தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் வாழும் தொழிலாளியோ அந்த அலுவலகத்தின் வாயிலையே அடைய முடியாதவராக இருக்கின்றார். விண்ணப்பத்தின் முதற் கேள்வி, காணி யாருடையது என்பது. அந்த இடத்தில் எழுதுவதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. நான்கு, ஐந்து தலைமுறைகளாகத் தாம் வாழும் மண்ணில், ஒரு சுவரை எழுப்புவதற்குத் தோட்ட நிருவாகத்தின் தயவையே அவர் எதிர்பார்க்க வேண்டியிருக்கின்றது. குடிமகனொருவன் அரசிடம் கேட்க வேண்டியதைத் தொழிலாளியொருவன் முதலாளியிடம் கேட்க நேர்ந்தது எவ்வாறு? இதற்கு விடை காண நாம் 1840ஆம் ஆண்டுக்குச் செல்லல் வேண்டும்.

அவ்வாண்டில் பிரிட்டிஷ் அரசாங்கம் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியது. காடாகவும் தரிசாகவும், குடியிருப்போ செய்கையோ இன்றியும் கிடக்கும் நிலமெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியதெனக் கொள்ளப்படும் என்று அச்சட்டம் கூறியது. கண்டிப் பிரதேசங்களில் இடைவெளி விட்டுப் பயிரிடப்பட்ட சேனை நிலங்களுக்கும், சன்னசு முதலிய ஆவணங்களோ வரி செலுத்திய சான்றோ காட்டினாலன்றி, இதே கதி நேர்ந்தது. நிலத்தை உபயோகித்து வந்தவன் தன் உரிமையை நிரூபிக்கவேண்டும். அரசாங்கம் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. கடதாசியில்லாதவன் காணியில்லாதவன் என்னும் கொள்கை இலங்கையின் மலைநாட்டிற் கால்கொண்டது இவ்வாறேயாம்.

இச்சட்டத்தின் பயனை அனுபவித்தவர் யார்? கோப்பிச் செய்கை பெருகத் தொடங்கிய காலம் அது. 1844ஆம் ஆண்டுவரை ஏக்கரொன்று 5 ஷில்லிங் என்னும் அடிப்படை விலைக்கு முடிக்குரிய காணி விற்கப்பட்டது. அவ்வாண்டில்தான் அது 20 ஷில்லிங்காக உயர்ந்தது. வாங்கியவர்களுள் தேசாதிபதி ஸ்டூவர்ட் மக்கென்சி உட்பட உயர் அதிகாரிகள் பலர் இருந்தனர். சட்டம் செய்தவரும் காணி விற்றவரும் காணி வாங்கியவரும் ஒரே கூட்டத்தவராயிருந்தனர். மேய்ச்சல் நிலத்தையும் சேனையையும் விறகுக் காட்டையும் இழந்த சிங்களக் குடியானவனின் மனக்குமுறல், 1848ஆம் ஆண்டின் மாத்தளைக் கிளர்ச்சிக்கு ஊட்டமளித்த காரணங்களுள் ஒன்று. அவனை நிலத்திலிருந்து பிரித்த அதே சட்டந்தான், தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளியை நிலமற்றவனாகவே இம்மண்ணில் இறக்கியது. இவ்விருவரையும் ஒருவருக்கொருவர் பகைவராகக் காட்டி வந்த அரசியலைப் புரிந்துகொள்வதற்கு இவ்வுண்மையை நாம் மறத்தல் ஆகாது.

கோப்பிக்கு ஆண்டு முழுவதும் ஆள் தேவைப்படவில்லை. பழம் பறிக்கும் பருவத்தில் வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பும் கூட்டமே போதுமாயிருந்தது. மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே மாத்தளைவரை நடந்து வந்த அம்மக்களுட் பலர் வழியிலேயே மாண்டனர். மலைக்கு வந்து சேர்ந்தோருக்குத் தற்காலிகக் கொட்டில்களே கிடைத்தன. 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிவைத்த தேயிலைச் செய்கை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. அதற்குப் பெண்களும் ஆண்களும் குடும்பமாக அங்கேயே தங்கியிருத்தல் அவசியம். உற்பத்தி முறை மாறியது. தொழிலாளி நிரந்தர வாசியானான். ஆனால், அவனுடைய குடியிருப்பின் சட்ட நிலை மட்டும் கொட்டிற் காலத்து நிலையிலேயே நின்றுவிட்டது. நிரந்தரமாக வாழும் மக்களுக்குத் தற்காலிகமான உறைவிடம் என்னும் இந்த முரண்பாடே மலையக வீட்டுப் பிரச்சினையின் கரு எனலாம்.

லயம் என்னும் சொல்லே, படையினரின் பாளையங்களைக் குறித்த 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. வரிசையாகப் பத்து, பன்னிரண்டு அறைகள். பல இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை. பத்தடி நீளமும் பன்னிரண்டடி அகலமும் கொண்ட காம்பரா ஒன்று; முன்னால் ஓர் இஸ்தோப்பு; மேலே தகரம். அந்த 120 சதுர அடிக்குள் பாட்டனும் பாட்டியும், மணமான மகனும் மருமகளும், வயது வந்த பெண்ணும், கைக்குழந்தையும் வாழ்ந்தனர். மறைவு என்பதே இல்லாத அந்த இடத்தில் ஒரு பெண் பிள்ளை பெறுவதும், ஒரு மாணவன் விளக்கேற்றிப் படிப்பதும், ஒரு முதியவர் உயிர் விடுவதும் ஒரே கூரையின் கீழ் நடைபெற வேண்டியிருந்தது. மலையுச்சியில் துரையின் பங்களா, பள்ளத்தில் லயம். கட்டடங்கள் நின்ற இடமே வர்க்கங்கள் நின்ற இடத்தைக் காட்டியது.

இடநெருக்கடி ஒரு கொடுமைதான். ஆயினும் அதனினும் பெரிய கொடுமை வேறொன்று. காம்பரா தொழிலோடு பிணைக்கப்பட்டிருந்தது. தோட்டத்திற் பேர் பதிந்தவருக்கே குடியிருப்பு. வேலையினின்று நீக்கிப் பத்துச்சீட்டைக் கொடுத்துவிட்டால், அடுப்பையும் சட்டி பானையையும் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியதுதான். வேலைநிறுத்தம் செய்பவன் கூலியை மட்டுமன்றிக் கூரையையும் பணயம் வைத்தே போராடினான். கடன் தீர்த்தால் ஆளை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை தேடவும் முடியாதிருந்தது. அம்முறை 1921ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துண்டு ஒழிந்தது, ஆனால் வீட்டைத் தொழிலோடு கட்டிய கயிறு அறுபடவில்லை.

இந்நிலையில் கட்டட அனுமதி என்னும் பேச்சுக்கே இடமெங்கே? இஸ்தோப்பை மறைத்துக் குசினியாக்குவதற்கும், மாட்டுக்கொட்டில் ஒன்று போடுவதற்கும், லயத்தின் பின்புறத்தில் மரக்கறி நடுவதற்கும் நிருவாகத்தின் சம்மதம் வேண்டும். தோட்டம் முழுவதும் தனியார் உடைமையாதலால், வெளியார் வந்து போவதே அத்துமீறலாகக் கருதப்பட்டது. தொழிலாளரின் நிலையை நேரிற் கண்டறியப் புடைவை வியாபாரி வேடத்திலே தோட்டங்களுக்குள் நுழைந்தார் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் என்பது நாம் அறிந்த செய்தி. அவர் மாறுவேடம் பூணவேண்டியிருந்தமை ஒன்றே, லயம் ஒருபோதும் வீடாக மதிக்கப்படவில்லை என்பதற்குத் தக்க சான்று. தன்னைப் பார்க்க வருபவனை வரவேற்கும் உரிமைகூட இல்லாதவனுக்கு வீடு உண்டு என்று எவ்வாறு சொல்வது? சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலொன்றுக்கு 'வீடற்றவன்' எனப் பெயரிட்டது வெறும் உருவகமன்று; அது ஒரு சமுதாயத்தின் சட்ட நிலை.

இவ்வகைப் பிணைப்பு இலங்கைக்கு மட்டும் உரியதன்று. தோட்டத் துரைமாரை அனுப்பிய பிரித்தானியாவிலேயே அது நிலவியது. 1589ஆம் ஆண்டில், முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், இங்கிலாந்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. புதிதாகக் கட்டப்படும் ஒவ்வொரு நாட்டுப்புறக் குடிலுக்கும் குறைந்தது 4 ஏக்கர் நிலம் சேர்ந்திருக்க வேண்டும் என்று அது விதித்தது. சட்டம் எப்போதும் ஒழுங்காக நடைமுறைப்படுத்தப்பட்டது என்று நாம் கூறவரவில்லை. நிலமில்லாத ஏழை குடில் போடுவதைத் தடுக்கவும் அது பயன்பட்டது. எனினும், உழைப்பாளி குடும்பமொன்று வாழ்வதற்குக் கூரை மட்டும் போதாது, நிலமும் வேண்டும் என்னும் எண்ணம் அதிற் பொதிந்திருந்தது. 1775இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. பொது நிலங்களை வேலியடைத்துப் பறித்த இயக்கம் அக்காலத்தில் உச்சத்தை அடைந்துகொண்டிருந்தது. நிலமிழந்த ஆங்கில விவசாயத் தொழிலாளர் பலர் பண்ணைக்காரனுக்குச் சொந்தமான குடில்களில், வேலை உள்ளவரை மட்டுமே குடியிருக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். அங்கு விவசாயத் தொழிலாளர் சங்கம் பல பத்தாண்டுகள் போராடியது. 1976ஆம் ஆண்டின் வாடகைச் சட்டமே, வேலை போனாலும் வீடு போகாதபடி அத்தொழிலாளருக்குப் பாதுகாப்பு அளித்தது. வீட்டைத் தொழிலிலிருந்து பிரித்தெடுப்பது இயலாத காரியம் அன்று என்பதையும், தொழிலாளர் போராட்டம் இன்றி அது கைகூடுவதில்லை என்பதையும் இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

இனி, இலங்கைச் சட்டங்களின் போக்கைக் கவனிப்போம். 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், நகரங்களிற் கட்டடம் எழுப்புவோர் உள்ளூராட்சியின் ஒப்புதலைப் பெறும் முறையை வகுத்தது. 1946இல் நகர, நாட்டுத் திட்டமிடற் கட்டளைச் சட்டம் வந்தது. கிராமத்தைப் பொறுத்தவரையில், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பெரிய திருப்பமாகும். முடிக்குரிய காணியைத் துண்டாக்கி, அனுமதிப்பத்திரம் கொடுத்துக் குடியானவரைக் குடியேற்றும் திட்டம் அது. 1840இற் பறிக்கப்பட்டதில் ஒரு பகுதியேனும் கிராமத்தானுக்குத் திரும்பியது. இதனை நாம் வரவேற்கவே வேண்டும். ஆனால், அச்சட்டத்தில் 'இலங்கையர்' என்னும் சொல்லுக்குத் தரப்பட்ட வரைவிலக்கணம் இந்திய வம்சாவளித் தொழிலாளரை விலக்கி வைத்தது. அதே பத்தாண்டின் பிற்பகுதியில், கிராமச் சங்கத் தேர்தல்களில் வாக்களிப்பதினின்றும் தோட்டத் தொழிலாளர் ஒதுக்கப்பட்டனர். காணி பெறும் வழியும், காணி பற்றிக் கேட்கும் வழியும் ஏறத்தாழ ஒரே காலத்தில் மூடப்பட்டன.

இதன் விளைவு 1946இற் கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மியர் தோட்டத்தில் வெளிப்பட்டது. கிராம விஸ்தரிப்புக்கென அரசாங்கம் அத்தோட்டத்தைச் சுவீகரித்தது. அயற்கிராமத்தவருக்கு நிலம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், அத்தோட்டத்தை உழைப்பால் உருவாக்கிய தொழிலாளருக்கு வெளியேறும்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டது. பகிர்ந்தளிக்கப்படும் நிலத்தில் ஒரு துண்டு தமக்கும் உரியது என்னும் கோரிக்கை செவிசாய்க்கப்படவில்லை. அவர்கள் வெளியேற மறுத்தனர். அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டது. அதனை எதிர்த்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். பிறந்து வளர்ந்த இடத்தில் இருந்தமைக்காக ஒருவன் அத்துமீறியவன் ஆக்கப்பட்டான். 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் தர்க்கம் நூறாண்டு கழித்து அடைந்த முடிவு இதுவே.

பின் நிகழ்ந்தவை நம் வாசகர் அறிந்தவை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் பங்கீடு 1974இல் நடந்தது. நாளை எந்த நாட்டில் இருப்போம் என்று தெரியாத குடும்பம் எந்த மண்ணில் அத்திவாரம் தோண்டும்? இலங்கை வாழ் இந்திய வம்சாவளியினரின் நாடற்ற நிலைக்குச் சட்டம் முற்றாக முடிவு கண்டது 2003ஆம் ஆண்டில்தான். பிரஜாவுரிமையற்ற காலத்தில் காணி கோரமுடியவில்லை. பிரஜாவுரிமை வந்தபோதோ, பகிர்வதற்குரிய காணியிற் பெரும்பகுதி பகிரப்பட்டு முடிந்திருந்தது.

அப்பகிர்வு 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டத்தாலும் 1975ஆம் ஆண்டின் திருத்தத்தாலும் நடைபெற்றது. தனியாருக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு விதித்தது முன்னையது. கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கியது பின்னையது. முன்னையதால் ஏறத்தாழ 5,63,000 ஏக்கரும், பின்னையதால் ஏறத்தாழ 4,18,000 ஏக்கரும் அரசின் கைக்கு வந்தன. அந்நிய மூலதனத்தின் பிடியிலிருந்து நிலத்தை மீட்ட இந்நடவடிக்கையை இடதுசாரிகள் ஆதரித்தனர், ஆதரித்தது சரியே. ஆனால், நிலம் அரசுடைமையானபோது அதில் உழைப்பவனுடைய இடம் என்ன என்னும் கேள்வியை உரிய வலிமையுடன் எழுப்பினோமா? துரை போனார், அரச நிருவாகி வந்தார், லயம் லயமாகவே இருந்தது. 1973, 1974 ஆண்டுகளின் பஞ்சத்திற் தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. சில தோட்டங்களிலிருந்து தொழிலாளர் விரட்டப்பட்டனர். 1977இல், நுவரெலியா மாவட்டத்திற் தோட்டக் காணி 7,000 ஏக்கரை வெளியாருக்குப் பகிர்ந்தளிக்க முயன்றபோது தொழிலாளர் திரண்டெழுந்தனர். அவ்வாண்டு மே 11ஆம் நாள் டெவன் தோட்டத்திற் பொலிசார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் என்னும் இளந்தொழிலாளி உயிர்நீத்தார். அப்பகிர்வு கைவிடப்பட்டது. மலையகத்து மண் வரலாற்றில் அந்த உயிர்த்தியாகத்துக்கு நிலையான இடமுண்டு.

பஞ்சத்தாலும் இனவன்செயல்களாலும் துரத்தப்பட்ட குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தன. தமிழ் மண்ணில் அவர்களுக்கு நிலம் கிடைத்ததா? காடு வெட்டிக் கழனியாக்கிய பலர், பிறர் காணியிற் கூலிகளாகவே இருந்தனர். போர் முடிந்த 2009இன் பின் வீடமைப்புத் திட்டங்கள் வந்தபோதும், காணிப்பத்திரம் காட்ட இயலாதவர் வரிசையின் கடைசியில் நிறுத்தப்பட்டனர். யாழ்ப்பாணத்திலும் இத்தகைய பிணைப்புக்கு நெடுங்காலப் பழக்கம் உண்டு. 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்த பின்னரும், ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர் உயர்சாதி நிலவுடைமையாளரின் காணி ஓரங்களிற் குடிசை போட்டு வாழ்ந்தனர். கோயிலுக்குள் நுழையவோ தேநீர்க்கடையிற் சமமாக அமரவோ முற்பட்டவனுக்குக் குடியெழுப்புதல் என்னும் மிரட்டல் எப்போதும் காத்திருந்தது. வெள்ளைத் துரையைக் குறைகூறும் நாம், வேட்டி கட்டிய துரைமாரை மறந்துவிடுதல் நேர்மையாகாது.

1992ஆம் ஆண்டிற் தோட்டங்களின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலம் அரசுக்குரியதாகவே இருக்க, குத்தகை மட்டும் 53 ஆண்டுகளுக்கு, அதாவது 2045வரை, கம்பனிகளுக்கு உரியதாயிற்று. இதனால் தொழிலாளியின் தலைமேல் இரண்டு உடைமையாளர் ஏறி அமர்ந்தனர். அரசைக் கேட்டால் நிலம் குத்தகையில் இருக்கின்றது என்பர்; கம்பனியைக் கேட்டால் நிலம் அரசினுடையது என்பர். போதாக்குறைக்கு 1979ஆம் ஆண்டின் அரச காணிகள் உடைமை மீளப்பெறற் சட்டம் இருக்கின்றது. அச்சட்டத்தின் கீழ் நீதிமன்றத்துக்கு அழைக்கப்படுபவர், தாம் அவ்விடத்தில் இருப்பதற்குச் செல்லுபடியான எழுத்து மூல அனுமதி உண்டென்று காட்டவேண்டும். எத்தனை தலைமுறையாக வாழ்ந்தார் என்பது அங்கு வாதமாகாது. மீண்டும் கடதாசியின் கதையே.

வீடுகள் கட்டப்படவே இல்லை என்று நாம் கூறவில்லை. தொண்ணூறுகள் முதல் கடனடிப்படையிற் தனிவீடுகளும் மாடி வீடுகளும் எழுந்தன. தொழிலாளர் தம் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கடனை அடைத்தனர். கடன் தீர்ந்த பின்னும் பலர் கையில் உறுதி வந்து சேரவில்லை. பின்னர், இந்திய அரசின் உதவியுடன் 4,000 வீடுகளும், 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளும் திட்டமிடப்பட்டன. 2015ஆம் ஆண்டின் பின் 7 பேர்ச் காணியுடன் வீடு என்பது கொள்கையாயிற்று. லயத்தின் பொதுச்சுவரிலிருந்து விலகித் தனக்கென ஒரு வாசலும் ஒரு முற்றமும் பெறுவது, அதனைப் பெற்ற குடும்பத்துக்குச் சிறிய மாற்றமன்று. அதனை இழித்துரைப்பது நமது நோக்கமன்று. ஆனால், அளவையும் சற்று நோக்குவோம். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். எலிசபெத் அரசியின் சட்டம் ஒரு குடிலுக்கு வேண்டுமென்ற 4 ஏக்கர், 640 பேர்ச் ஆகும். நானூறு ஆண்டுகளுக்குப் பின், நாட்டின் அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்த தொழிலாளிக்கு நாம் அளந்து கொடுப்பது 7 பேர்ச். வீடும் கிணறும் வைத்தபின் ஒரு முருங்கை நடுவதற்கு அதில் இடம் தேடவேண்டும். மகனுக்கு மணமானால் அவனுக்கு ஒரு வீடு அமைக்க இடமே இல்லை. அடுத்த தலைமுறை மறுபடியும் நிருவாகத்தின் வாயிலில் நிற்கும்.

நிலத்தில் யார் வேண்டுமாயினும் எங்கு வேண்டுமாயினும் கட்டலாம் என்பது நமது வாதமன்று. மலைநாட்டில் திட்டமிடல் உயிர் காக்கும் காரியம். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை விழுங்கியது. அவ்விடம் அபாயமானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கையைப் பொருட்படுத்தாத மக்கள் என்று அவர்களைப் பழித்தவர்களும் உளர். எங்கே போவது? சொந்தக் காணியுள்ளவன் விற்றுவிட்டுப் போவான். வேறு காணி வாங்கும் வசதியுள்ளவன் வாங்கிக்கொண்டு போவான். தொழிலோடு கட்டுண்ட காம்பராவில் இருப்பவன், நிருவாகம் வேறிடம் ஒதுக்கினாலன்றி அசைய முடியாதவன். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயலோடு வந்த பெருமழையில் மலையகமெங்கும் நேர்ந்த மண்சரிவுகளும் இதே கேள்வியை மீண்டும் நம் முன் வைத்தன. எங்கே கட்டலாகாது என்று சொல்லும் விஞ்ஞானம் நமக்கு வேண்டும். எங்கே கட்டலாம் என்று சொல்லிக் காணியும் கொடுக்கும் அரசியல் அதனோடு சேராவிடின், அவ்விஞ்ஞானம் ஏழைக்குப் பயன்படாது.

அண்மைக் காலத்திற் சில தடைகள் அகன்றுள்ளன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் பணி செய்வதற்கு இடையூறாயிருந்தது. அது 2018இற் திருத்தப்பட்டது. மலையகப் புதிய கிராமங்களுக்கென அவ்வாண்டிலேயே ஓர் அதிகார சபையும் சட்டத்தால் அமைக்கப்பட்டது. ஆயினும், 2023 ஓகஸ்டில், மாத்தளை மாவட்டத்துத் தோட்டமொன்றில், குடும்பமொன்று அமைத்த தற்காலிகக் கொட்டில் அனுமதியற்றதென்று கூறி நிருவாக அலுவலர் ஒருவரால் உடைத்தெறியப்பட்டது. அம்மக்கள் இந்நாட்டுக்கு வந்ததன் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து வந்து சில நாட்களே ஆகியிருந்தன. அனுமதி வழங்கும் அதிகாரம் சட்டப் புத்தகத்தில் எங்கே எழுதப்பட்டிருப்பினும், நடைமுறையில் அது யார் கையில் இருக்கின்றது என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

எனவே, கோரிக்கையை நாம் தெளிவாக வரையறுத்துக்கொள்ளல் நன்று. முதலாவது, குடியிருப்பு தொழிலிலிருந்து சட்டத்தாற் பிரிக்கப்படல் வேண்டும். வேலை போவதால் வீடு போகலாகாது. இரண்டாவது, தரப்படும் காணிக்கு, பதிவு செய்யப்பட்ட, பெண்ணின் பெயரும் இடம்பெற்ற, முழுமையான உறுதி வேண்டும். அளவிலும் கிராமத்தவர்க்கு ஒரு நீதி, தோட்டத்தவர்க்கு ஒரு நீதி என்பது கூடாது. மூன்றாவது, வீடு கட்டும் அனுமதியை வழங்குவது மக்கள் தெரிந்த பிரதேச சபையாகவே இருத்தல் வேண்டும். கம்பனியின் தயவு அதற்கு முன்நிபந்தனையாகலாகாது. நான்காவது, அபாயப் பிரதேசத்தினின்று மக்களை அகற்றும் ஆணையும் மாற்றுக் காணி வழங்கும் ஆணையும் ஒரே கடதாசியில் வருதல் வேண்டும்.

2045இற் குத்தகைகள் முடிவுறும்போது இந்நிலத்தின் எதிர்காலம் பற்றிய பேரம் மறுபடியும் தொடங்கும். அப்பேரத்தில் தொழிலாளி மூன்றாம் தரப்பாக ஓரத்தில் நிற்கலாகாது. அதற்கு வேண்டிய அறிவை இன்றே பரப்புவது ஆசிரியராகிய நமது கடமை. 1840ஆம் ஆண்டின் சட்டத்தைப் பரீட்சைக்குரிய ஒரு திகதியாக மட்டும் நாம் கற்பித்து வந்திருக்கின்றோம். அச்சட்டம் சிங்களக் கிராமத்தானிடம் எதைப் பறித்தது, தமிழ்த் தொழிலாளிக்கு எதை மறுத்தது என்பவற்றை ஒரே பாடமாகச் சேர்த்துக் கற்பித்தால், இரு இனத்து உழைப்பாளருடைய பிள்ளைகளும் தமது துயரின் பொது மூலத்தை அறிந்துகொள்வர். காணி கேட்டு எழும் அடுத்த குரல் அவ்விருவருடைய குரலாகவும் ஒலிக்குமாயின், அதனை அலட்சியம் செய்வது எந்த அரசாங்கத்துக்கும் எளிதாயிராது.